கம்மஞ்சோறு போன வழி

2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசமானது. அதே ஆண்டு செப்டம்பரில் மிக்சி, மின்விசிறியோடு கிரைண்டரையும் அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. அரிசிக்கும் காசில்லை, அதை ஆட்டும் கல்லுக்கும் காசில்லை என்றான பிறகு, ஒரு வீட்டில் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்கவே வேண்டாம். இன்று கோயம்புத்தூரில் உடல் எடையைக் குறைக்க நினைக்கும் ஒருவர் மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ போனால், பேச்சு பெரும்பாலும் அந்தக் காலைத் தட்டில்தான் தொடங்குகிறது. இட்லியின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தோசைக்கு எண்ணெய் விடாதீர்கள், கம்பு, ராகி, கொள்ளு என்று மாறிப் பாருங்கள்.

மாறச் சொல்லும் அந்த மூன்றும் இந்த மண்ணுக்குப் பழையவை. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு வரை, கோயம்புத்தூர் அடங்கிய கொங்கு நாட்டு மேட்டுக்காடுகளில் காலைச் சோறு என்றாலே அவைதான். அவை வட்டலை விட்டுப் போனதற்கு நாக்கின் ருசி மாறியது மட்டும் காரணமில்லை. அணைக்கட்டு, மின்சாரம், மோட்டார், ரேஷன் கடை என்று கொங்கு நாடு முன்னேறிய ஒவ்வொரு படியிலும் கம்பு ஓரடி பின்னுக்குப் போயிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, இந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியே பெரும்பாலும் காற்றாக மட்டுமே வந்து சேரும். பவானி, நொய்யல், அமராவதிக் கரைகளிலும் காலிங்கராயன் வாய்க்கால், கொடிவேரி அணை பாயும் இடங்களிலும் நெல் வயல்கள் உண்டு. மற்றதெல்லாம் காடு. கொங்கு வழக்கில் காடு என்றால் மானாவாரி நிலம். கிணறு இருந்தால் அது தோட்டம். காட்டில் கம்பு, சோளம், சாமை, கொள்ளு, தோட்டத்தில் ராகி. நெல்லுச்சோறு நோம்பி என்ற பண்டிகைக்கும், ஒரம்பரை என்ற விருந்தாளிகள் வந்தால் ஆக்குவதற்கும் என்று இருந்த ஊர்கள் ஏராளம். இட்லி, தோசை தீபாவளிக்கு மட்டும்தான் என்று வயதானவர்கள் சொல்வதை இன்றும் பல ஊர்களில் கேட்கலாம்.

வெளியாட்கள் எழுதி வைத்ததும் இதைத்தான் காட்டுகிறது. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்ததும், புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது என்று பார்த்துவர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை அனுப்பினார். 1800-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த புக்கானன் கம்பு, சோளம், சாமை, ராகி என்று புன்செய்ப் பயிர்களை ஊர் ஊராகக் குறித்துக்கொண்டு போனார். அவருடைய பயண நூல் 1807-இல் லண்டனில் வெளியானது. 1887-இல் எஃப்.ஏ. நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலும் கம்பும் சோளமுமே புன்செய் நிலத்தின் முக்கியத் தானியங்கள். அன்றைய மாவட்டம் மிகப் பெரியது. ஈரோடு, திருப்பூர், கரூர், கொள்ளேகால் எல்லாம் அதற்குள் அடங்கும். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய அறிக்கையைப் பின்னாளில் எழுதியவரும் இதே நிக்கல்சன்தான். உழுகிறவனின் அடுப்பையும் கடனையும் சேர்த்தே பார்த்த அதிகாரி என்பதால் அவருடைய கையேடு இன்றும் படிக்கத் தகுந்தது.

கம்மஞ்சோறு ஆக்குவது லேசான வேலை இல்லை. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, சற்று ஊறவிட்டு, உரலில் போட்டு உலக்கையால் இடிப்பார்கள். மேல்தோல் கழன்றதும் முறத்தில் புடைத்துத் தவிட்டைத் தள்ளிவிட்டு மறுபடி இடித்தால் நொய்யும் மாவுமாக வரும். உலை கொதித்ததும் முதலில் நொய், பிறகு கரைத்த மாவு. அடிபிடிக்காமல் கிளறி இறக்கினால் இரவுக்குச் சுடுசோறு. மிஞ்சியதை உருண்டை பிடித்து மண்சட்டியில் தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள். விடிவதற்குள் இலேசாகப் புளித்திருக்கும். அதை மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே தூக்குப்போசியில் போகும். ராகிக்களிக்கும் இதே முறைதான். இரவு சூடாகக் களி, காலையில் கரைத்த கூழ். இதில் எங்கேயும் எண்ணெய்ச் சட்டி வரவே இல்லை.

கம்பு நாள்தோறும் இடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அரிசி, ராகியைவிடக் கம்பில் கொழுப்பு அதிகம். அது தானியத்தின் முளையில் இருக்கிறது. இடித்தோ அரைத்தோ மாவாக்கிவிட்டால் அந்தக் கொழுப்பு காற்றுப்பட்டுச் சில நாளிலேயே காறல் வாடை அடிக்கும், மாவும் கசந்துபோகும். ராகியை அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். கம்பை அப்படி வைக்க முடியாது. ஆகவே தேவைப்பட்டபோதெல்லாம் உலக்கை பிடித்தாக வேண்டும். பிடித்தவர்கள் பெண்கள். பழைய உணவின் பெருமையைப் பேசும் கட்டுரைகளில் இந்த உலக்கைச் சத்தம் ஏனோ கேட்பதே இல்லை. கம்மஞ்சோறு எப்படிப் போனது என்று விசாரிக்கிறவர்கள் அந்தப் பெண்களின் தோள்வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கம்புக்குத் துணை கொள்ளு. வேகவைத்து வடித்த தண்ணீரில் ரசம், வெந்த பருப்பைப் பூண்டும் சீரகமும் சேர்த்துக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. மழை பொய்த்த வருடத்திலும் ஏமாற்றாத பயறு இது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி தமிழ்நாடு முழுக்க உண்டு. அதைத் தினப்படி சமையலாகவே வைத்திருந்தது கொங்கு நாடு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கொள்ளில் புரதம் ஏறக்குறைய 22 கிராம், கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. கூழ் குடித்தவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் குடித்தவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் கோயம்புத்தூர் மாவட்டமும் சிக்கிக்கொண்டது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்ட காலம் அது. எடை குறைவது அன்று சாவின் அறிகுறி.

உணவையும் எடையையும் சேர்த்து அறிவியல் முறையில் ஆராயும் வேலை நடந்ததும் கோயம்புத்தூருக்கு மேலே இருக்கும் மலையில்தான். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவைத் தின்ற எலிகள் கடைசியில் நின்றன. அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருப்பதையும், தீட்டிய அரிசியை மட்டும் நம்பும் சாப்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதையும் அந்தக் குன்னூர் ஆய்வுகள் எண்களோடு நிறுவின. 1958-இல் அந்த ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போனது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மேட்டுக்காட்டுக் குடியானவன் குடித்த கூழுக்கு அறிவியல் சான்று கிடைத்துவிட்டது. ஆனால் அதே ஆண்டுகளில் கீழே சமவெளியில் காற்று வேறு திசையில் அடித்துக்கொண்டிருந்தது.

காப்பி ஏற்கெனவே வந்துவிட்டது. மலைத் தோட்டங்களில் விளைந்த காப்பிக்கொட்டையைப் பதப்படுத்தி அனுப்பும் ஊராகக் கோயம்புத்தூரை வளர்த்ததில் 1861-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. 1888-இல் முதல் நூற்பாலையும் ஸ்டேன்ஸின் முயற்சியில் வந்தது. தமிழர் வாழ்வில் நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்ட கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காலையில் சூடாக ஒன்றைக் குடிப்பது நாகரிகமானதும், குளிர்ந்த கூழ் பட்டிக்காட்டுக்காரர்களின் உணவாகிவிட்டது. மில் சங்கு ஊதுவதற்குள் ஓட வேண்டிய தொழிலாளிக்கும், கரைத்துக் குடித்துவிட்டு ஆற அமரக் காட்டுக்குப் போகும் வழக்கம் ஒத்துவரவில்லை. மில் வாசல்களில் டீக்கடைகளும் இட்லிக் கடைகளும் முளைத்தன.

பெரிய திருப்பம் 1932-இல் வந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கியதும் நூற்பாலைகள் பெருகின. அவற்றைச் சுற்றிப் பட்டறைகள் பெருகின. இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937-இல் இங்கேதான் உருவானது. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு இருவரின் பெயரும் அதனோடு சேர்ந்தே வரும். மோட்டார் வந்ததும் பம்புசெட்டு வந்தது. எருது பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்த நிலத்தில் யார் கம்பு விதைப்பார்கள்? பருத்தி, கரும்பு, மஞ்சள், வாழை என்று காசுப் பயிர்கள் உட்கார்ந்தன. காடு தோட்டமாக மாற மாறக் கம்பின் நிலம் சுருங்கியது.

1955-இல் இரண்டு காரியங்கள் ஒரே ஆண்டில் நடந்தன. ஒன்று, பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது. மானாவாரியாகக் கிடந்த ஊர்களிலும் நெல் நட முடிந்தது. மற்றொன்று, கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் பி. சபாபதி, ஆட்டாங்கல்லை மின்மோட்டாரோடு இணைத்து வெட்கிரைண்டரை உருவாக்கினார். முதலில் ஓட்டல்களுக்குப் போன அந்த எந்திரம் மெல்ல வீடுகளுக்குள் வந்தது. ஊத்துக்குளிக் கருங்கல்லும் உள்ளூர் மோட்டாரும் சேர்ந்த கோயம்புத்தூர் வெட்கிரைண்டருக்கு இந்த நூற்றாண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆட்டாங்கல்லில் மணிக்கணக்காகக் கை சுழற்றினால்தான் கிடைத்த உளுந்தும் அரிசியும் சேர்ந்த மாவு, இப்போது பெண்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தயாரானது. ஒரு நாள் ஆட்டினால் மூன்று நாளைக்கு ஆகும். தினமும் இடிக்க வேண்டிய கம்பு இதனோடு எப்படிப் போட்டி போடும்? அந்த எந்திரம் பெண்களுக்குக் கொடுத்த ஓய்வை யாரும் குறைத்துப் பேச முடியாது.

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தை முதலில் தொடங்கிய நகரங்கள் சென்னையும் கோயம்புத்தூரும். அரிசி ஏழைக்கும் எட்டும் பொருளானது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011-இல் இலவசம். பசியை ஒழித்ததில் அந்தத் திட்டங்களின் பங்கு பெரியது. ஆனால் ரேஷன் கடையில் அரிசிக்குக் கிடைத்த இடம் கம்புக்கும் சோளத்துக்கும் கிடைக்கவில்லை என்பதால், விலையிலும் அவை தோற்றன. 1960களில் தொடங்கிய அன்னபூர்ணா போன்ற ஓட்டல்களின் சாம்பார் ஊரின் அடையாளமானது. விதைத்த சோளமும் மனிதருக்கென்று இல்லாமல் காங்கேயம் மாடுகளுக்குத் தட்டாகவும், பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகவும் போகத் தொடங்கியது.

இத்தனைக்கும் கோயம்புத்தூரில்தான் 1923-இல் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் தலைமையில் தொடங்கி, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துறையாக இருக்கும் அந்த நிலையம் கம்பு, சோளம், ராகி, தினை என்று ‘கோ’ எண் கொண்ட ரகங்களை நூறாண்டாக வெளியிட்டு வருகிறது. வயலுக்கு நல்ல விதை தொடர்ந்து கிடைத்தது. அடுப்புக்குப் போகும் பாதையைத்தான் யாரும் போடவில்லை. பம்புக்கும் கிரைண்டருக்கும் வேலை செய்த இந்த ஊரின் பட்டறை மூளை, கம்பைத் தோல் நீக்கி, மாவு கசக்காமல் வைக்கும் எளிய வீட்டுக் கருவிக்கும் அதே வேகத்தில் வேலை செய்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

விளைவு எண்களில் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 31 சதவீதமாக இருந்தார்கள். இந்த ஏற்றத்துக்கு இட்லி ஒன்றையே குற்றவாளியாக்குவது நியாயமில்லை. இட்லி ஆவியில் வெந்தது, புளித்தது, உளுந்து சேர்ந்தது, கொழுப்பு மிகக் குறைந்தது. அரிசி முழுக்கத் தீட்டப்பட்டதும், உளுந்தின் விகிதம் குறைந்ததும், இட்லி இடம்விட்டு நெய் ரோஸ்ட்டும் வடையும் தினசரி ஆனதும், உழைப்பு நாற்காலிக்கு மாறியதும்தான் எடையைக் கூட்டின.

கொழுப்பு குறைந்த காலை உணவு என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐதராபாத் நிறுவனத்தின் அந்த 2017 அட்டவணையில் 100 கிராம் தீட்டிய அரிசியில் கொழுப்பு அரை கிராம்தான். கம்பில் 5 கிராமுக்கு மேல். கொழுப்புக் கணக்கு மட்டும் பார்த்தால் அரிசி ஜெயித்துவிடும். நார்ச்சத்தைப் பாருங்கள்: அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, கம்பிலும் ராகியிலும் 11 கிராமுக்கு மேல். வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நிற்பதற்கும், சர்க்கரை நிதானமாக ஏறுவதற்கும் அந்த நார் உதவுகிறது. பழைய கொங்குக் காலை உணவில் கொழுப்பு குறைந்திருந்ததற்குக் காரணம், தானியத்தோடு எண்ணெய் சேராததுதான். 50 கிராம் கம்பு மாவில் ஏறக்குறைய 175 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 125. கம்பு தோசை என்று பெயர் வைத்து எண்ணெயை ஊற்றினால் கம்பு செய்யும் நன்மையை எண்ணெய் விழுங்கிவிடும்.

கம்பும் ராகியும் மட்டுமே வழி என்றும் இல்லை. கொங்கு வீடுகளின் சந்தகை இருக்கிறது. அரிசியை ஊறவைத்து ஆட்டி, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் சந்தகை உலக்கில் பிழிந்து எடுப்பது. எண்ணெய் துளியும் வேண்டாம். தேங்காய்ப்பாலை விட்டுவிட்டுக் கொள்ளு ரசத்தோடோ பச்சைப்பயறு கடைசலோடோ சாப்பிட்டால் எடை குறைக்கிறவருக்கு நிறைவான காலைச் சாப்பாடு. ராகி மாவிலும் சந்தகை வரும். சாமையிலும் தினையிலும் உப்புமா, பொங்கல் செய்யலாம். கடையில் வாங்கும்போது பளிச்சென்று வெளுக்கத் தீட்டியதைத் தவிர்த்துத் தவிடு ஒட்டியதைக் கேட்க வேண்டும். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் கம்பைத் தினமும் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அயோடின் குறைவாக உள்ளவர்களுக்கு அதிலுள்ள சில பொருட்கள் தைராய்டின் வேலையைத் தடுக்கக்கூடும்.

அரசும் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் அதை நீட்டித்தால் அரைத்த மாவுக்குச் சந்தை தானாக உருவாகும் என்று நம்ப இடமுண்டு.

அதுவரை கூழ் வண்டிகள் இருக்கின்றன. கோடையில் கோயம்புத்தூர்ச் சாலை ஓரங்களில் மண்பானையோடு நிற்கும் வண்டிகளில் கம்மங்கூழும் ராகிக்கூழும் மோரில் கரைத்துக் கிடைக்கும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், சுண்டைக்காய் வத்தல் என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்கள். அவை அத்தனையும் எண்ணெயில் பொரித்தவை, உப்பும் தூக்கல். எடையைப் பார்க்கிறவர்கள் கீறிய மாங்காயையும் உரித்த சின்ன வெங்காயத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.